வண்ணப் பென்சில் வாங்கியும் வரைய முடியவில்லை என்று கேட்ட சகோதரிக்கு

வீட்டுக்கு மூத்த பெண்ணாக எல்லோர் மனமும் கோணாமல் நடந்தே பழகிவிட்டீர்கள். இப்போது சிறுவயதில் பிடித்த ஓவியத்தைத் தொட உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது என்கிறீர்கள். உங்களுக்குள் எதுவும் செத்துப்போகவில்லை, முதலில் அதை நம்புங்கள்.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1960-இல் இதைப் பற்றி எழுதினார். பெரியவர்களுக்கு ஏற்பவே நடந்துகொள்ள வேண்டியிருக்கும் குழந்தை ஒரு 'பொய்ச் சுயத்தை' வளர்த்துக்கொள்கிறது. உண்மையான சுயத்தை மறைத்துக் காப்பதுதான் அதன் வேலை என்றார். அப்படியென்றால் உங்களுக்குள் வரைய ஆசைப்பட்ட அந்தச் சிறுமி பத்திரமாகத்தான் இருக்கிறாள்.

ஓவியம் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். நன்றாக வர வேண்டும், யாராவது பாராட்ட வேண்டும் என்ற பழைய பழக்கம் அதிலும் நுழைந்துவிடும். இன்னும் சின்ன இடத்தில் தொடங்குங்கள். காபியா டீயா என்று கேட்டால் "எதுவானாலும் சரி" என்னாமல் ஒன்றைச் சொல்லுங்கள். யாராவது உதவி கேட்டால் உடனே தலையாட்டாமல் "யோசித்துச் சொல்கிறேன்" என்று நிறுத்துங்கள். குற்ற உணர்வு வரும். தப்பு செய்ததால் வருவதில்லை அது, பழக்கம் மாறுவதால் வருவது. அப்புறம் கிறுக்குங்கள், யாருக்கும் காட்டாமல் கிழித்தும் போடுங்கள்.

அழுகை நிற்காமல் தூக்கத்தையும் கெடுத்தால் டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவிச் சேவை, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அப்பாவின் கோபம் பற்றி ஒரு வரி எழுதிப் பாதியில் விட்டிருக்கிறீர்களே, அதை அவர்களிடம் முழுதாகச் சொல்லுங்கள்.