இறுதி அறிக்கை வரும்வரை காத்திருந்தால் உரிமை போய்விடும்

கேள்வி: மூன்று தலைமுறையாக அகமதாபாத் மணிநகரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. லண்டனில் நர்ஸாக இருந்த என் தங்கை, அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வந்துவிட்டு, 2025 ஜூன் 12 அன்று ஏர் இந்தியா 171-ல் திரும்பும்போது இறந்துபோனாள். மாப்பிள்ளையும் மூன்று வயதுக் குழந்தையும் லண்டனில் இருக்கிறார்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது. விசாரணை முடிந்த பாடில்லை. டிவியில் ஆளாளுக்கு விமானி மீது பழி போடுகிறார்கள். முன்பணம் மாப்பிள்ளை கைக்குத்தான் போனது. அம்மாவுக்கு ஒரு பைசா தரவில்லை. 16-ம் நாள் காரியத்துக்கும் அவர் வரவில்லை. இப்போது, நஷ்டஈட்டை அவரே பேசி முடித்துக்கொள்ள ஆட்சேபம் இல்லை என்று அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். இன்னொருவர், அமெரிக்காவில் கேஸ் போட்டால் பல கோடி கிடைக்கும், தனக்கு முப்பது சதவீதம் போதும் என்று பத்திரத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இறுதி அறிக்கை வந்ததும், யார் தப்பு என்று தெரிந்துகொண்டு கேஸ் போடலாம் என்றிருக்கிறோம். சரிதானா?

பதில்: சரியில்லை. ஆறு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விமான நிலையத்திலிருந்து தங்கை அனுப்பிய கடைசி போட்டோவை அம்மா தினமும் எடுத்துப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த ஆறு பக்கத்திலும் முக்கியமானது கடைசி வரி ஒன்றுதான். அறிக்கைக்காகக் காத்திருப்பது என்ற அந்த முடிவை இன்றே கைவிடுங்கள்.

சர்வதேசப் பயணத்துக்கு 1999-ம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தம்தான் சட்டம். நம் 1972 விமானவழிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் அது அப்படியே இருக்கிறது. அதன் 35-வது விதிப்படி, விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கலாகவில்லை என்றால் நஷ்டஈடு கேட்கும் உரிமையே அற்றுப்போகும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாமதத்தை மன்னிக்க இடம் தரும் காலவரம்புச் சட்டத்தின் 5-வது பிரிவு, முதன்முதலாகப் போடும் மூல வழக்குகளுக்குப் பொருந்தாது. இங்கே விதியோ அதைவிடக் கடுமையானது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கடிகாரம் நிற்காது. பேச்சுவார்த்தை நடந்தாலும் நிற்காது. புலனாய்வு முடியவில்லை என்பதற்காகவும் நிற்காது.

171 அன்று மாலையே லண்டன் கேட்விக்கில் இறங்கியிருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் கெடு 2027 ஜூன் 12-ஐ ஒட்டி முடிகிறது. காலண்டரைப் பாருங்கள், அன்று சனிக்கிழமை. கோர்ட்டுகளின் கோடை விடுமுறையை ஒட்டிய காலம் வேறு. மூடியிருந்தால் திறந்த அன்று போடலாம் என்ற சலுகை இந்த விதிக்குப் பொருந்துமா என்று வாதாட வேண்டிய இடத்துக்கே நீங்கள் போகக் கூடாது. உங்களுக்கு நான் வைக்கும் கடைசி நாள் 2027 மார்ச் 31. அதற்குள் பிராதுக்கு நம்பர் விழுந்திருக்க வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். வெளிநாட்டு விமானம் ஒன்றின் விபத்தில் மகனை இழந்தவர். துணிப்பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல்களின் கடிதங்கள், தேதி வாரியாகக் குத்தியவை, மொத்தம் பதினேழு. ஒன்றில்கூட மரியாதைக் குறைவு கிடையாது. ஆழ்ந்த அனுதாபங்கள், தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, மேலும் ஓர் ஆவணம் தேவைப்படுகிறது, விசாரணை அறிக்கையை எதிர்நோக்கியுள்ளோம். பதினெட்டாவது கடிதத்தில் இரண்டே வரி: காலக்கெடு முடிந்துவிட்டது, இனி எங்களுக்குப் பொறுப்பு இல்லை. தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடம் முடிந்து பத்தொன்பதாவது நாள். அவர் அலட்சியமாக இருந்தவர் அல்ல. எல்லாக் கடிதத்துக்கும் பதில் போட்டிருந்தார். போட வேண்டிய இடத்தில் மட்டும் எதையும் போடவில்லை. அதனால்தான், கெடு விஷயத்தை எழுப்ப மாட்டோம் என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்தாலும் என் கட்சிக்காரர்களை நான் அதில் நிற்க விடுவதில்லை. வழக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

அறிக்கை இல்லாமல் எப்படி வழக்குப் போடுவது என்று கேட்பீர்கள். முதலில், அந்த அறிக்கை எதற்காக எழுதப்படுகிறது என்று பாருங்கள். விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் 2017-ம் ஆண்டு விதிகளின்படி விசாரிக்கிறது. அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே அதன் நோக்கம். பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அல்ல என்று விதியே சொல்கிறது. 2025 ஜூலையில் வந்த முதல்கட்ட அறிக்கையும் அப்படித்தான். மதியம் 1.38-க்கு விமானம் தரையைவிட்டு எழுந்தது. அடுத்த சில நொடிகளில், இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் ஓடும் நிலையிலிருந்து நிறுத்தும் நிலைக்கு மாறின. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொல்கிறார். சுமார் பத்து நொடியில் சுவிட்சுகள் மீண்டும் ஓடும் நிலைக்கு வந்தன. ஆனால் உயரம் இல்லை, நேரமும் இல்லை. எழுந்ததிலிருந்து பதிவு நின்றதுவரை சுமார் 32 நொடி. சுவிட்ச் எப்படி மாறியது, யார் மாற்றினார்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. விமானி மீது குற்றம் என்றும் அதில் எங்கும் இல்லை. உச்ச நீதிமன்றமே நவம்பரில் அதை எடுத்துச் சொன்னது. டிவி விவாதங்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள், அம்மாவையும் பார்க்க விடாதீர்கள்.

விமான நிறுவனத்துக்கு எதிரான உங்கள் வழக்குக்கு இந்தக் கேள்விக்கு விடை தேவையே இல்லை. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 17-வது விதிப்படி, விமானத்துக்குள் நடந்த விபத்தில் பயணி இறந்தார் என்பதே போதும். தலைக்கு 1,51,880 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, அதாவது ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்கு மேல், தன்மேல் தப்பில்லை என்று சொல்லி நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. அதற்கு மேல் நீங்கள் கேட்கும் தொகைக்குத்தான், தங்களுடைய அல்லது தங்கள் ஊழியர்களுடைய கவனக்குறைவு இல்லை, அல்லது முழுக்க மூன்றாம் தரப்பின் தப்பு என்று வாதாடலாம். அதை நிரூபிக்கும் சுமையும் அவர்கள் தலையில். விமானியும் நிறுவனத்தின் ஊழியர்தான். நாளை அறிக்கை எப்படி வந்தாலும், விமானியைக் காட்டி நிறுவனம் தப்பிக்க வழியில்லை. அறிக்கை வந்ததும் நடந்துகொண்டிருக்கும் வழக்கில் அதைத் தாக்கல் செய்துகொள்ளலாம்.

அந்த ஒன்றே முக்கால் கோடி தானாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2010 மே மாதம் மங்களூருவில் 158 பேர் இறந்த விபத்துக்குப் பின், குறைந்தபட்சத் தொகை கட்டாயம் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2011-ல் தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. எஸ்டிஆர் கணக்கு ஒரு வரம்பு மட்டுமே, நஷ்டத்தை நிரூபித்துத்தான் வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே விபத்தில், வளைகுடாவில் உயர் பதவியில் இருந்த ஒருவரின் குடும்பத்துக்கு 2020-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 7.64 கோடி வழங்கியது. சம்பளத்தைப் பல தலைப்புகளாகப் பிரித்துக் காட்டியிருப்பதை வைத்து வருமானத்தைக் குறைத்துக் கணக்கிட நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தங்கையின் சம்பளச் சீட்டுகள், ஓவர்டைம் கணக்கு, பென்ஷன் கணக்கு, வருமான வரிப் பத்திரம் எல்லாம் கைக்கு வர வேண்டும். அவை லண்டன் வீட்டில், மாப்பிள்ளையிடம் இருக்கின்றன.

உங்களிடம் இருப்பது அம்மாவின் வங்கிப் பாஸ்புக். மாதம் தவறாமல் தங்கை அனுப்பிய பணம் அதில் வரியாக வந்திருக்கும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். 1972 சட்டத்தின் 5-வது பிரிவு, மரணத்தால் நஷ்டப்பட்ட கணவர், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லோரையும் குடும்பமாகக் கருதுகிறது. நஷ்டம் என்றால் காசுக் கணக்கு. அம்மா தங்கையின் வருமானத்தை நம்பியிருந்தார் என்பதற்கு அந்தப் பாஸ்புக்தான் சாட்சி. அண்ணன் என்ற முறையில் உங்கள் கோரிக்கை சட்டத்தில் பலவீனமானது, அம்மாவுக்காக நில்லுங்கள்.

அதே பிரிவில், உங்கள் குடும்பத்துக்கென்றே எழுதியதுபோல் இன்னொரு வரி இருக்கிறது. ஒரு பயணியின் மரணத்துக்கு இந்தியாவில் ஒரே ஒரு வழக்குதான் போட முடியும். யார் போட்டாலும் அது, இந்தியாவை நிரந்தர இருப்பிடமாகக் கொண்ட உரிமையாளர்கள் எல்லோருக்காகவும் போட்டது; அப்படி இல்லாதவர்கள், தாங்களும் சேர விரும்புவதாகச் சொல்ல வேண்டும். தொகையை நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கும். நீங்கள் ஒன்று, மாப்பிள்ளை ஒன்று என்பதற்கு இடமில்லை. தங்கை லண்டன்வாசி, டிக்கெட்டும் லண்டனுக்குத் திரும்பும் டிக்கெட். ஆகவே இங்கிலாந்து நீதிமன்றத்திலும் வழக்குப் போடலாம். அங்கே போடுவதற்கு வேண்டிய காகிதம் எல்லாம் மாப்பிள்ளையிடம்தான். காரியத்துக்கு வராததும் முன்பணத்தைத் தராததும் உங்கள் மனதில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வழக்கில் அவற்றுக்கு இடம் இல்லை. அந்த 25 லட்சம் முன்பணம் எப்படியும் கடைசித் தொகையில் கழியப்போகிறது. டாடா குழுமம் அறிவித்த ஒரு கோடி வேறு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிச் சண்டை போடாதீர்கள்.

வெளிப்படையாகவே சொல்கிறேன்: மாப்பிள்ளையோடு சமாதானமாகப் போங்கள். நிறுவனத்தோடு அல்ல, அவரோடு. மனைவியை இழந்து மூன்று வயதுக் குழந்தையைத் தனியாக வளர்க்கும் மனிதர் அவர். இரண்டு பக்கம் எழுதினால் போதும்: ஒரே வழக்கு, ஒரே வக்கீல், அம்மாவுக்கு இத்தனை சதவீதம், குழந்தைக்கு இத்தனை, அது நீதிமன்ற அனுமதியோடு குழந்தையின் பெயரில். அம்மா முழு உரிமையையும் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் இழுப்பதைவிட, சதவீதத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அடுத்த மாதம் கையெழுத்தாவது மேல். இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பேசும் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் தரப்பு குறைவாகத்தான் கொடுக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவர் அனுப்பிய தாளில் அம்மா இப்போது கையெழுத்துப் போடக் கூடாது. அதில் அம்மாவின் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போட்டால் அவர் எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ளலாம், அம்மா வாயைத் திறக்க முடியாது. அதற்கு அடுத்து வரும் காகிதம் இன்னும் ஆபத்தானது. ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் ரசீது என்று வரும். முதல் பக்கத்தில் தொகை இருக்கும். எல்லோரும் அதை மட்டும் பார்ப்பார்கள். மூன்றாவது, நான்காவது பக்கத்தில் ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும்: விமான நிறுவனம், விமானத் தயாரிப்பாளர், இன்ஜின் தயாரிப்பாளர், உதிரிபாகம் செய்தவர், பராமரித்தவர், இவர்களின் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள், தொடர்புடைய மற்ற எவர் மீதும் இனி எந்த நாட்டிலும் கோரிக்கை இல்லை. நீங்கள் பணம் வாங்குவது ஒருவரிடம். எழுதிக் கொடுப்பது விடுதலைப் பத்திரம், அதுவும் பத்துப் பேருக்கு. அந்தச் சுவிட்சின் பூட்டு அமைப்பைச் சோதிக்கச் சொல்லி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2018-லேயே ஒரு தகவல் குறிப்பு வெளியிட்டது. அது கட்டாயம் இல்லை என்பதால் சோதிக்கவில்லை என்று நிறுவனம் சொன்னதாக முதல்கட்ட அறிக்கையில் இருக்கிறது. அது எங்கே போய் முடியும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. முடிவதற்குள் அந்தக் கதவை நீங்களாகப் பூட்டக் கூடாது. விமான நிறுவனத்தோடு தொகை பேசி முடிக்கும் நாளில், அந்த வாக்கியத்திலிருந்து தயாரிப்பாளர்களை வெட்டச் சொல்லுங்கள். வெட்ட மறுத்தால் தொகையை உயர்த்தச் சொல்லுங்கள். இரண்டும் இல்லை என்றால் எழுந்து வாருங்கள்.

அமெரிக்கக் கேஸோடு வந்தவர் விஷயம். தயாரிப்பாளர் மீது அங்கே வழக்குப் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவில் நடந்ததை இந்தியாவிலேயே பாருங்கள் என்று அந்த நீதிமன்றங்கள் திருப்பி அனுப்புவதும் உண்டு. போபால் விஷவாயு வழக்கை 1986-ல் நியூயார்க் நீதிமன்றம் அப்படித்தான் அனுப்பியது. அங்கும் பல மாநிலங்களில் கெடு இரண்டு வருடம்தான். அங்குள்ள வக்கீல் ஜெயித்தால் சதவீதம் என்று ஒப்பந்தம் போடலாம். இந்திய வக்கீலுக்கு அது தடை. உங்கள் வீட்டுக்கு வந்தவர் இரண்டும் இல்லை, இடையில் நிற்பவர். அவர் நீட்டுவது ரத்து செய்ய முடியாத பவர் பத்திரமாக இருக்கலாம், படித்துப் பாருங்கள். உண்மையிலேயே அமெரிக்கா போக வேண்டும் என்றால், மாப்பிள்ளையும் நீங்களும் சேர்ந்து, லைசென்ஸ் உள்ள வக்கீலோடு நேரடியாகப் பேசுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மங்களூரு குடும்பம் தேசிய ஆணையத்துக்கு நேரடியாகப் போக முடிந்தது பழைய சட்டத்தில். 2019 சட்டத்தில் நீங்கள் கேட்கும் தொகையை வைத்து ஆணையம் தீர்மானமாகாது, கொடுத்த கட்டணத்தை வைத்துத்தான். டிக்கெட் விலைக்கு மாவட்ட ஆணையம்தான். கோடிக் கணக்கான வருமான நஷ்டத்தை, வெளிநாட்டு ஆவணங்களோடு அங்கே நிரூபிப்பது உங்களுக்குச் சரிப்படாது.

இந்த வாரம் மாப்பிள்ளைக்குப் போன் போடுங்கள். பணத்தில் ஆரம்பிக்காதீர்கள், குழந்தையை விசாரித்துவிட்டு, ஒரே வக்கீலை வைத்துக்கொள்வோமா என்று கேளுங்கள். அவர் அனுப்பிய தாளையும் அந்த இடைத்தரகரின் பத்திரத்தையும் எல்லாப் பக்கங்களும் தெரிய போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் படித்துச் சொல்லும்வரை அம்மா எதிலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டாம்.