வேகத்தில் ஆட்டோமேட்டிக் முந்தினாலும் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் மேனுவல் கியரைக் கேட்பது ஏன்?

கிளட்ச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றினால் மேனுவல். காரே மாற்றிக்கொண்டால் ஆட்டோமேட்டிக். போர்ஷே 911 ஜிடி3 காரின் ஆட்டோமேட்டிக்கில், இன்ஜினையும் கியரையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச்கள் இரண்டு உண்டு. ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படை கியர்களுக்கு. மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது தயாராக இருக்கும். பந்தியில் சாம்பார் சாதம் முடியும் முன்பே ரச வாளியோடு ஆள் வந்து நிற்பதுபோல. 2021இல் வந்த ஜிடி3, நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆட்டோமேட்டிக்கில் 3.4 விநாடி, மேனுவலில் 3.9.

அரை விநாடி போனால் போகட்டும் என்பவர்களுக்கு வேண்டியது வேறு. வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபடியே வலது பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, இன்ஜின் சுழற்சியை உயர்த்தி, கீழ் கியருக்கு இறங்க வேண்டும். பிசகினால் கார் உதறும். சரியாக விழுந்தால், அடடா! 2013இல் ஜிடி3யை ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே கொண்டுவந்த போர்ஷே, 2017இல் மேனுவலையும் திரும்பக் கொடுத்தது. என்னைக் கேட்டால், அது நியாயமான பின்வாங்கல்.

மேனுவல்தான் வேகமானது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது பழைய, மந்தமான ஆட்டோமேட்டிக் கார்களுக்குப் பொருந்திய பேச்சு, இரட்டைக் கிளட்ச் கார்களுக்கு அல்ல.