ஆறு லூப் எதற்கு, எண்ணினாலே போதும்

கேள்வி: என் ஃபங்ஷனுக்கு ஆறு ட்ரூ/ஃபால்ஸ் உள்ளீடுகள். எல்லாச் சேர்க்கைகளையும் டெஸ்ட் செய்ய ஆறு ஃபார் லூப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதியிருக்கிறேன். ஏழாவது உள்ளீடு வந்தால் என்ன செய்வது?

பதில்: அத்தனையையும் அழித்துவிடுங்கள், ஒரே லூப் போதும். ஆறு உள்ளீடுகளுக்கு 64 சேர்க்கைகள். 0 முதல் 63 வரை எண்ணி, ஒவ்வோர் எண்ணையும் ஆறு இலக்க பைனரியாகப் பாருங்கள். 1 என்றால் ட்ரூ, 0 என்றால் ஃபால்ஸ். உதாரணமாக, 37 என்பது 100101. இடமிருந்து எண்ணினால் முதலாவது, நான்காவது, ஆறாவது உள்ளீடுகள் ட்ரூ, மற்ற மூன்றும் ஃபால்ஸ். எதுவும் விடுபடாது, எதுவும் இரண்டு முறை வராது. ஏழாவது உள்ளீடு வந்தால் 127 வரை எண்ணுங்கள், அவ்வளவுதான்.

கோடில் ஓர் இலக்கத்தை எடுக்க (எண் >> இடம்) & 1. இடத்தை வலமிருந்து, 0-இல் தொடங்கி எண்ண வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான். பைத்தான் என்றால் இந்தப் பாடும் இல்லை: அதனுடன் வரும் ஐடர்டூல்ஸ் தொகுப்பில் உள்ள புராடக்ட் ஃபங்ஷனிடம் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டையும் கொடுத்து ரிப்பீட் 6 என்று சொன்னால் எல்லாவற்றையும் தந்துவிடும்.

சரி, 64 வரிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் சரியான விடை எது? ஃபங்ஷனில் இருக்கும் அதே நிபந்தனையை டெஸ்டிலும் ஒட்டிவைப்பவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே தப்பு, டெஸ்ட் மட்டும் பச்சை! விதியை வேறு கோணத்தில் சொல்லிப் பாருங்கள். 'கணக்கு செயலில் இருக்க வேண்டும், கடவுச்சொல் சரியாக இருக்க வேண்டும், பூட்டப்பட்டிருக்கக் கூடாது' என்ற லாகினில், 8 சேர்க்கைகளில் ஒன்றே ஒன்றுதான் உள்ளே விட வேண்டும். முதல் 'அண்ட்' தவறி 'ஆர்' ஆகிவிட்டால் ஐந்து உள்ளே விடும். எத்தனை ட்ரூ என்று எண்ணினாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அப்புறம், டெஸ்ட் விழுந்தால் வரிசை எண்ணோடு ஆறு மதிப்புகளும் பெயரோடு பிழைச் செய்தியில் வரட்டும். வெறும் '37' என்று வந்தால் யாருக்குப் புரியும்?

இருபது உள்ளீடுகள் என்றால் 10,48,576 சேர்க்கைகள். ஒன்றுக்கு 10 மில்லிசெகண்ட் என்றாலும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அப்போது பேர்வைஸ் முறைக்குப் போங்கள். எந்த இரண்டு உள்ளீடுகளை எடுத்தாலும் அவற்றின் நான்கு சேர்க்கைகளும் ஒரு முறையாவது வந்தால் போதும் என்பது அதன் கணக்கு. பத்து உள்ளீடுகளின் 1,024 வரிகள் இதில் ஆறாகச் சுருங்கிவிடும். ஆனால் மூன்று உள்ளீடுகள் சேர்ந்தால் மட்டுமே தலைகாட்டும் பிழை தப்பித்துவிடலாம். உங்களுக்கு இருப்பது 64தான், முழுவதையும் ஓட்டுங்கள்.