பழைய நிலைக்கதவுத் தேக்கில் செய்த பெட்டியில் வீணை ப்ரீஆம்ப் (பிக்கப்பின் மெல்லிய சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி பெருக்கும் சர்க்யூட்) கட்டலாமா? எந்த ஜாக் (பிளக்கைச் செருகும் சாக்கெட்) போட்டால் உடையாது? தங்கமுலாம் வேண்டுமா?

கட்டலாம். ஆனால் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டு, அதில் எந்த ஜாக்கைச் சொருகலாம் என்று யோசிப்பது தலைகீழ் வேலை. காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளில் வாசிப்பதற்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வளவில் (உள்முற்றத்தில்) கச்சேரி, முகப்பில் மிக்சர், நடுவில் இருபது முப்பது மீட்டர் கேபிள். பந்திக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போவார்கள். யாராவது கால் இடறும்போது அந்த இழுப்பு எங்கே போய் நிற்கிறது என்பதுதான் விஷயம். சால்டரில் நின்றால் ஒரு முகூர்த்த சீசன் தாண்டாது. பெட்டியின் தகட்டில் நிற்க வேண்டும்.

அதனால் பிசிபியில் (சர்க்யூட் போர்டில்) நேராக உட்காரும் பிளாஸ்டிக் 6.35 மி.மீ. ஜாக் வேண்டாம். நட்டு பிளாஸ்டிக், மரையும் பிளாஸ்டிக். லேசாக லூசானாலே ஒவ்வொரு ஆட்டமும் போர்டின் சால்டரில் இறங்கும். செம்புத் தடத்தோடு பெயர்ந்து வரும். "என்னுடையது பிளாஸ்டிக்தான், பல வருஷமாக ஓடுகிறது" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: அலமாரியில் அசையாமல் இருக்கும் சுருதிப்பெட்டிக்கு அது போதும், மறுக்கவில்லை. இங்கே பேசுவது தினம் செருகி உருவும் சாமான் பற்றி.

வீணை உள்ளே வரும் பக்கத்துக்கு ஓப்பன் டைப் மெட்டல் ஜாக், ஸ்விட்ச்கிராஃப்ட் 12பி போன்றது. ஸ்டீரியோ ஜாக்காக வாங்குங்கள். டிப்பில் (பிளக்கின் நுனி தொடும் இடம்) சிக்னல், ஸ்லீவில் (பிளக்கின் அடிப்பகுதி) கிரவுண்ட், ரிங்கில் (நடு வளையம்) பேட்டரியின் மைனஸ். மோனோ பிளக்கைச் செருகினால் ரிங்கும் ஸ்லீவும் சேர்ந்து பேட்டரி ஆன் ஆகிவிடும், தனி சுவிட்ச் தேவையில்லை. கச்சேரி முடிந்ததும் பிளக்கை உருவ மறந்தால் பேட்டரி சும்மா ஓடித் தீரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்கிலிருந்து போர்டுக்கு 7/0.2 (0.2 மி.மீ. இழை ஏழு) பல இழை ஒயர், கொஞ்சம் தொய்வாக. ஒற்றைக் கம்பி ஒயர் ஆட ஆட முறிந்துபோகும்.

மிக்சருக்குப் போகும் பக்கம் எக்ஸ்எல்ஆர்தான், மைக் கேபிளில் வரும் மூன்று பின் கனெக்டர். பூட்டு இருக்கிறது, பேலன்ஸ்டாக (ஒரே சிக்னலை எதிரெதிராக இரண்டு கம்பியில்) அனுப்பினால் அந்த நீளத்துக்கும் ஹம் வராது. நியூட்ரிக் டி வகைக்கு 24 மி.மீ. ஓட்டை, மூலைவிட்டமாக இரண்டு எம்3 ஸ்க்ரூ. குறுக்கே 19, நெடுக்கே 24 மி.மீ. இடைவெளி. பின் 1-ஐ போர்டு வழியாகச் சுற்றாமல் நேராகப் பெட்டி உடலில் கட்டுங்கள். 2 ஹாட் (நேர் சிக்னல்), 3 கோல்ட் (எதிர் சிக்னல்). இரண்டு லைனிலும் 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 63 வோல்ட் ரேட்டிங், பிளஸ் முனை மிக்சரைப் பார்த்து. 25 வோல்ட் போட்டால், மைக்குகளுக்காக மிக்சர் அதே கேபிளில் அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் அதை முடித்துவிடும். சவுண்ட் சர்வீஸ்காரர் "ஆஃப்லதான் சார் இருக்கு" என்பார். பல சின்ன மிக்சர்களில் எல்லா சானலுக்கும் ஒரே சுவிட்ச். வேறு யாருடைய மைக்குக்காகவோ அது ஆனில் இருக்கும்.

முலாம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காரைக்குடியிலேயே 1953 முதல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருந்து உலோக அரிப்பை ஆராய்கிறது, நாமோ கடைக்காரர் சொன்னதும் தங்கமுலாம் வாங்குகிறோம். அடிக்கடி செருகும் 6.35 பிளக்கில் மெல்லிய தங்கம் தேய்ந்துவிடும். நிக்கல் போதும். விபூதியும் சந்தனமும் ஒட்டிய கையோடு பிளக்கின் முனையைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் தேக்கு. பழைய நிலைக்கதவை அறுத்து டிரேயும் டப்பாவும் செய்து விற்பதில் எனக்குத் தனிக் கோபம் இருக்கிறது. பர்மாவிலிருந்து வந்த மரம், வீட்டோடு நூறு வருஷம் நின்றது, இன்று ஓட்டல் அலங்காரத்துக்குக் கன அடிக் கணக்கில் போகிறது. சரி, வாங்கிவிட்டீர்கள். இரண்டு சிக்கல். மரம் மின்காந்த இரைச்சலைத் தடுக்காது. பியெசோ பிக்கப்புக்கு (வீணையின் அதிர்வைச் சிக்னலாக்கும் தகடு) 1 மெகா ஓமுக்கு மேல் இன்புட் வைத்திருப்பீர்கள், சீரியல் செட்டின் 50 ஹெர்ட்ஸ் முழுக்க உள்ளே வரும். ஆகவே உள்சுவர், மூடி எல்லாவற்றிலும் காப்பர் ஃபாயில் டேப். பசையும் மின்கடத்தும் வகையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் சால்டர் பொட்டு வையுங்கள். பிறகு கிரவுண்டோடு கட்டுங்கள். இரண்டாவது, 12 மி.மீ. பலகையில் ஜாக்கின் மரை வெளியே வராது. பலகையில் பெரிய ஓட்டை வெட்டி, 2 மி.மீ. அலுமினியத் தகட்டை நாலு ஸ்க்ரூவில் பதித்து, ஜாக் எல்லாவற்றையும் அந்தத் தகட்டில் மாட்டுங்கள். தகடும் ஃபாயிலும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆச்சி வீட்டு எவர்சில்வர் சம்படத்தையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். ஷீல்டு கிடைக்கும். ஆனால் தகடு மெல்லிசு, ஜாக்கோடு சேர்ந்து வளையும். உள்ளே ஒரு பட்டை வைத்தே மாட்ட வேண்டும். வேகமாகத் துளைத்தால் சூட்டில் இறுகி பிட் வழுக்கும். கோபால்ட் பிட், குறைந்த வேகம், நல்ல அழுத்தம். எனாமல் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம், பூச்சு கண்ணாடி, தெறிக்கும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் செய்த பெட்டி 60 டிகிரியில் இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் வைத்தால் கோணிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் டைகாஸ்ட் (அச்சில் வார்த்த) அலுமினியப் பெட்டி, 125பி அளவு, சுமார் 121 × 66 × 39 மி.மீ. எக்ஸ்எல்ஆர் உள்ளே எவ்வளவு ஆழம் போகிறது, பேட்டரி எங்கே உட்காரும் என்று காகிதத்தில் வரைந்துவிட்டுத் துளையுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட், அப்புறம் ஸ்டெப் ட்ரில், சொட்டு மண்ணெண்ணெய். 6.35 ஜாக்குக்கு 10 மி.மீ. பிசிறை வழித்துவிடுங்கள்.

அடாப்டரும் வேண்டுமென்றால் கவனம். கிடார் பெடல் அடாப்டரில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். மெட்டல் உடல் டிசி ஜாக் மாட்டினால் பிளஸ் கிரவுண்டான பெட்டியைத் தொட்டு ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் உடல் ஜாக் இங்கே மட்டும்தான் சரி. பிளஸ் மைனஸ் தலைகீழானால் காப்பாற்ற ஒரு 1என்5817 டயோடு சீரிஸில். 230 வோல்ட்டைப் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள்.

மாட்டும்போது ஜாக்குக்கும் பெட்டிக்கும் நடுவே, உள்பக்கம், ஸ்டார் வாஷர். நட்டை இறுக்கியதும் ஒரு பொட்டு நகப்பாலிஷ். மூடுமுன் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையைப் பிளக்கின் ஸ்லீவிலும் வைத்துக்கொண்டு, பிளக்கை நாலு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழேயே நிற்க வேண்டும். எண் துள்ளினால் வாஷருக்கு அடியில் பெயின்ட் மிச்சமிருக்கிறது. கழற்றிச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.