இறக்கம்தானே என்று நினைக்காதீர்கள்

கேள்வி: கிரீஸ் போகிறோம். கிரீட் தீவின் சமரியா பள்ளத்தாக்கை ஒரே நாளில் நடந்துவிட முடியுமா? எனக்கு 52 வயது.
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக நடக்கலாம். நான் போனபோது எனக்கு 58. சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 16 கிலோமீட்டர் நடந்தால் லிபியக் கடல். ஏற்றம்கூடப் பரவாயில்லை அம்மா, இந்த இறக்கம் இருக்கிறதே! முதல் மூன்று கிலோமீட்டரிலேயே முட்டி இரண்டும் கெஞ்சின. பிறகு ஆற்றுப்படுகை முழுக்க உருண்டைக் கற்கள். ஆசையாய் வாங்கிய புது ஷூ கட்டைவிரல் நகத்தைக் காவு வாங்கியது. பழகின ஷூவே போடுங்கள். தண்ணீருக்கு ஒரு பாட்டில் போதும், வழியில் ஊற்றுகள் உண்டு.

பாதி வழியில் சமரியா கிராமம். 1962இல் தேசியப் பூங்கா ஆனபோது மக்கள் காலிசெய்த கல்வீடுகள். அங்கே நான் முறுக்கைக் கடித்த சத்தத்துக்கு கிரி-கிரி காட்டாடு ஒன்று எட்டிப் பார்த்தது. கொடுக்கவில்லை. மனசு கேட்கத்தான் இல்லை.

கடைசிப் பகுதியில் 'வாசல்' என்கிற இடுக்கு: நாலு மீட்டர்தான் அகலம், இருபுறமும் ஏறக்குறைய 300 மீட்டர் பாறை. பேச்சே வரவில்லை.

மே முதல் அக்டோபர் வரைதான் திறப்பார்கள். மழை என்றால் அதுவும் இல்லை. நடை முடியும் ஆகியா ரூமேலிக்கு ரோடு கிடையாது, படகுதான். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வையுங்கள்.