ஆபிராம் தனியாகப் போகவில்லை

கேள்வி: எனக்கு 48 வயது. அரசு வேலை. இருபது வருடமாக எங்கள் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். ஜெபமும் வகுப்பும் கைப்பழக்கமாகிவிட்டன. உள்ளே ஒன்றும் அசைவதில்லை. சமீபத்தில் ஒரு யூத ரபியின், அதாவது யூத மதபோதகரின், உரையைக் கேட்டேன். கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வராதவன் ஆன்மிகத்தில் வளர மாட்டான், ஆபிரகாமைக் கடவுள் கிளம்பச் சொன்னது அதற்குத்தான் என்றார். வேலையை விட்டுவிட்டு, யாரையும் தெரியாத ஓர் ஊருக்கு ஊழியத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. யூத போதனை உண்மையில் இதைத்தான் சொல்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

இதையும் சொல்கிறது. ஆனால் உங்கள் ராஜினாமாவுக்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

ஆதியாகமம் 12-ஐ மறுபடி எடுத்து வாசியுங்கள், வகுப்புக்குக் குறிப்பு எடுக்காமல். ஆபிராமுக்கு 75 வயது. தேசம், இனம், தகப்பன் வீடு மூன்றையும் விட்டுப் புறப்படச் சொல்கிறார் கடவுள். போகிற ஊரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இதுவரை உங்கள் பக்கம்தான். ஐந்தாம் வசனத்துக்கு வாருங்கள்: சாராய், லோத்து, சேர்த்துவைத்த சொத்து, கூட இருந்த ஆட்கள் எல்லாரோடும்தான் அவர் கிளம்புகிறார். வீட்டுக்காரம்மாவுக்கு விருப்பமில்லை என்று விட்டுவிட்டுப் போனதாக அங்கே எதுவும் இல்லை.

அதற்கு முந்தின அதிகாரத்தின் கடைசியையும் பாருங்கள். அப்பா தேராகு, கல்தேயர் தேசத்து 'ஊர்' என்னும் பட்டணத்திலிருந்து கானானுக்குப் போகத்தான் குடும்பத்தோடு புறப்பட்டார். வழியில் ஆரானில் தங்கியவர் அங்கேயே குடியிருந்துவிட்டார். ஊரை விட்டுக் கிளம்புவது மட்டுமே பெரிய காரியம் என்றால் தேராகுவுக்கும் பாதிப் பெருமை சேர வேண்டுமே!

பயணத்தின் விலையையும் வேதத்துக்கு உரை எழுதிய யூத அறிஞர்கள் மறைக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி பட்டென்று சொல்கிறார்: வழிப்பயணம் பிள்ளைப்பேறு, பொருள், பெயர் மூன்றையும் குறைக்கும்; அதனால்தான் அந்த மூன்றையும் கடவுள் ஆபிராமுக்குத் தனியாக வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படி ஏதாவது வாக்கு வந்திருக்கிறதா? கிண்டலாகக் கேட்கவில்லை.

சரி, பழகிப்போனதை விட்டு வெளியே வருவது என்றால் என்ன? யூத ஞானிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்முதில், ஹகிகா என்னும் பகுதியில், ஒரு பேச்சு வருகிறது. கடவுளுக்கு ஊழியம் செய்கிறவனுக்கும் செய்யாதவனுக்கும் என்ன வித்தியாசம் என்று பார் ஹே ஹே என்பவர் ஹில்லேல் என்ற ஞானியிடம் கேட்கிறார். இருவருமே நல்லவர்கள்தான், ஆனால் பாடத்தை 100 தடவை ஓதியவனும் 101 தடவை ஓதியவனும் ஒன்றில்லை என்கிறார் ஹில்லேல். ஒரே ஒரு தடவைக்காகவா? ஆமாம், கழுதைக்காரர்கள் சந்தையில் போய்க் கேட்டுப் பார்: பத்துக் காதத்துக்கு ஒரு காசு, பதினோரு காதம் என்றால் இரண்டு காசு. லியாதியைச் சேர்ந்த ரபி ஷ்நேயூர் ஸல்மான் 1796இல் அச்சான 'தன்யா' என்ற தன் ஆன்மிக நூலில் இதை விளக்குகிறார். அந்தக் காலத்தில் நூறு தடவை ஓதுவது எல்லாருக்கும் பழக்கம். பழக்கத்தைத் தாண்டியது அந்த நூற்றியோராவது தடவைதான். ஊழியம் என்று பெயர் பெறுவதும் அதுதான். உங்கள் இருபது வருடத்தை வீண் என்று இது சொல்லவில்லை, கவனியுங்கள். அதற்கு மேல் ஒரு காதம் கேட்கிறது.

முரட்டு வழியில் போனவர்களும் உண்டு. இன்றைய பெலாரூசில் உள்ள நோவர்தோக் ஊரில் 1896இல் ரபி யோசெப் யோசெல் ஹோரோவிட்ஸ் ஒரு வேதப்பள்ளி தொடங்கினார். அதன் மாணவர்கள் மருந்துக்கடைக்குப் போய் ஆணி கேட்பார்களாம். கடைக்காரர் முறைப்பார், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தை உடைக்க வைத்த பயிற்சி அது. எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகவே படுகிறது. ஆனாலும் எந்தப் பயத்தை உடைக்கப் போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கடிதத்தில் எனக்கு அது தட்டுப்படவில்லை.

கஷ்டப்படுவதே புண்ணியம் என்ற எண்ணத்துக்கும் அங்கே இடமில்லை. கூடாரப் பண்டிகையின் ஏழு நாளும் வீட்டை விட்டு, மேலே இலைதழை போட்ட குடிலில் இருக்க வேண்டும். ஆனால் கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் எழுந்து உள்ளே போகலாம் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அதற்குப் பிறகும் குடிலிலேயே வீம்பாக உட்கார்ந்திருப்பவனுக்குப் பலன் ஏதும் கிடையாது, அவன் விவரமில்லாதவன் என்று எழுதிவைத்தார் 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் இருந்த ரபி மோசே இசர்லெஸ்.

யாரையும் தெரியாத ஊர் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எலியாசார் பென் அராக் என்ற ஞானி இருந்தார், எருசலேம் ஆலயம் இடிந்த காலத்தவர். இஸ்ரவேலின் ஞானிகள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் இவர் தட்டுதான் தாழும் என்று குரு யோகனான் பென் சக்காய் சொன்னதாக ஒரு மரபு உண்டு. அப்பேர்ப்பட்டவர், நல்ல தண்ணீரும் ரம்மியமும் உள்ள ஓர் ஊரைத் தேடிப் போனார். கூடப் படித்தவர்கள் வேறு பக்கம் போனார்கள். அவர் திரும்பி வந்து தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, வாசித்தபோது எளிய வசனம் ஒன்றையே எழுத்து மாற்றி வாசித்தார். படித்ததெல்லாம் போய்விட்டது. நண்பர்கள் அவருக்காக மன்றாடிய பிறகே கல்வி திரும்பியது என்கிறது தால்முத். வேதம் கற்கும் இடத்துக்கு நாடு பெயர்ந்தாவது போ, உன் தோழர்கள்தான் அதை உன்னிடம் நிலைக்கவைப்பார்கள் என்ற முதுமொழிக்குப் பக்கத்தில் இந்தக் கதை வருவது சும்மா இல்லை.

இருபது வருடம் சொல்லிக்கொடுத்தீர்கள். இந்த இருபது வருடத்தில் உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பின்னாளில் பெரிய ஞானியாகப் பேரெடுத்த ரபி அகிவா நாற்பது வயதில், தன் மகனோடு சேர்ந்து, சின்னப் பிள்ளைகளின் வாத்தியாரிடம் உட்கார்ந்து எழுத்துப் படித்தார். வேலையை விடுவதைவிட உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஒரு வருடத்துக்கு வகுப்பை இளையவர் யாரிடமாவது ஒப்படையுங்கள். அவர் தப்பாகச் சொல்லும்போது கை தூக்காதீர்கள். மூல எபிரெயு படிக்க ஆசை இருந்தால் முதல் எழுத்திலிருந்து தொடங்குங்கள். மனைவிக்கும் விருப்பமிருந்தால் சேர்ந்தே படிக்கலாம். அப்புறமும் அந்த ஊர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், ஒரு மாதம் லீவு போட்டு, இருவருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ராஜினாமாக் கடிதத்தை அதுவரை எழுத வேண்டாம்.