மகளுக்குத் தனி நடிப்புப் பயிற்சியாளர் தேவையா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் நடிகையாக விரும்புவதையும், சென்னையில் ஒரு பயிற்சியாளர் மூன்று மாதத் தனிப்பயிற்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாயை முன்பணமாகக் கேட்பதையும் எழுதியிருந்தீர்கள். கட்டலாமா, வேண்டாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பதே என் பதில். நடிப்புக்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ஏற்கெனவே நடித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் உள்ள குறிப்பிட்ட குறையைக் களையவும், ஒரு தேர்வுக்கோ வேடத்துக்கோ ஆயத்தப்படுத்தவும்தான் தனிப்பயிற்சியாளர் பெரிதும் பயன்படுவார். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிறகு மகள் மேடையே ஏறியதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன்னிடம் எது குறை என்று தெரியவே அவர் முதலில் நாலு பேர் முன்னால் நடித்திருக்க வேண்டும்.

எதிரில் நிற்பவர் சொல்வதைக் காதில் வாங்கி, அது மனத்தில் ஏற்படுத்தும் அசைவிலிருந்து அடுத்த வசனத்தைச் சொல்வதுதான் நடிப்பின் அடிப்படை. எதிரில் எப்போதும் பயிற்சியாளர் ஒருவரே இருந்தால், மாணவி அவருடைய முகக்குறிப்பைப் பார்த்துப் பார்த்து, அவருக்குப் பிடித்தபடி நடிக்கப் பழகிவிடுவார். ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தால், ஒத்திகையில் பத்துப் பேரோடு பழக வேண்டும். கத்தாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேச வேண்டும். தனக்கு வசனமே இல்லாத காட்சியிலும் கவனம் சிதறாமல் மேடையில் நிற்க வேண்டும். ஒரே காட்சியை ஒரு மாதம் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பையும் தாங்க வேண்டும். அந்தச் சலிப்புக்குப் பிறகும் மகள் மறுநாள் ஒத்திகைக்கு நேரத்துக்குக் கிளம்புகிறாரா என்று பாருங்கள். அவருடைய ஆசை எவ்வளவு ஆழமானது என்பதை அறிய இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் பயின்றே பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றோர் திரைக்கு வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக வேலை பார்த்தபடி, நடிகர்கள் பயில்வதை அருகிலிருந்து கவனித்தவர். மகள் பி.காம். படிப்பதை வீண் என்று அவரும் நினைக்க வேண்டாம், நீங்களும் நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். வருமானம் சீராக வராத ஒரு துறைக்குள் நுழைபவருக்குக் கையில் ஒரு பட்டமும் சம்பளம் தரும் ஒரு திறனும் இருப்பது, பிடிக்காத வாய்ப்பை மறுக்கும் துணிவைத் தரும்.

அந்தப் பட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. புது தில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி 1959-இல் தொடங்கப்பட்டது. அதன் மூன்றாண்டு முழுநேரப் படிப்பில் சேர ஏதேனும் ஒரு பட்டமும், நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடத்தைப் பின்தொடரும் அளவுக்கு அறிவும் கேட்கிறார்கள். முதல் சுற்றுத் தேர்வு பல நகரங்களில் நடைபெறும். அதில் தேறியவர்களைத் தில்லிக்கு அழைத்து, சில நாள் பட்டறை நடத்தி, அதன் பிறகே இறுதியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சேர்ந்தவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. 1960-இல் நிறுவப்பட்ட புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் திரை நடிப்புக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. அதற்கும் பட்டம் வேண்டும். அருகிலேயே படிக்க வேண்டுமென்றால், புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறையில் நாடகத்துக்கு முதுநிலைப் படிப்பு உள்ளது. இவற்றில் தேசிய நாடகப் பள்ளியின் நிபந்தனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றரை லட்சம் கொடுத்துப் பெறும் பயிற்சிச் சான்றிதழை அங்கே நாடக அனுபவமாகக் காட்ட முடியாது, கல்லூரி நாடகத்தில் அவர் ஏற்கும் சிறிய வேடத்தைக் காட்ட முடியும். படிப்பு முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. அதற்குள் கல்லூரிக் குழுவிலோ நகரத்தில் இயங்கும் ஒரு குழுவிலோ சேர்ந்து சில நாடகங்களில் நடித்துவிடலாம்.

அதன் பிறகு தனிப்பயிற்சி தேவைப்படும் கட்டம் வரக்கூடும். குரல் சீக்கிரம் கம்மிவிடுகிறது, லகர ழகர ளகரங்கள் வசனத்தின் வேகத்தில் குழம்புகின்றன, மேடைக்குப் பழகிய முகபாவம் காமிராவுக்கு அருகில் மிகையாகத் தெரிகிறது, ஒரு வேடத்துக்கு நெல்லை வழக்கோ கொங்கு வழக்கோ பேச வேண்டியிருக்கிறது, நுழைவுத் தேர்வுக்கு ஒரு நாடகப் பகுதியைத் தயார் செய்ய வேண்டும் என்பன போன்ற தெளிவான தேவைகள் இருந்தால், நல்ல பயிற்சியாளர் ஒருவர் சில வாரங்களிலேயே பெரும் உதவி செய்ய முடியும். மகள் தன் தேவையை இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்லும் நிலைக்கு வந்ததும், பணம் செலவழிப்பதற்கு நான் முழு மனத்துடன் ஆதரவு தருவேன்.

அப்போது யாரைத் தேர்ந்தெடுப்பது? விளம்பரத்தையும் நடிகர்களோடு எடுத்துக்கொண்ட படங்களையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்; ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மாணவி ஒருவர் "அப்பா இன்னும் வரலையா?" என்ற வரியைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரியில்லை என்று கண்டதும், "இப்படிச் சொல்லு" என்று தானே நடித்துக் காட்டி, அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்ல வைப்பவர் உண்டு. மாணவியும் உடனே சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால், அடுத்த வரிக்கு மறுபடியும் அவரையே பார்த்து நிற்பார். வேறொருவர், "யாரைப் பார்த்துக் கேட்கிறாய்? அப்பா வர வேண்டும் என்று நினைக்கிறாயா, வரக் கூடாது என்றா? இந்தக் கேள்விக்கு முன் எவ்வளவு நேரம் வாசலில் நின்றாய்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பார். மாணவி யோசித்து மீண்டும் சொல்லும்போது வரியின் நிறமே மாறியிருக்கும். இந்த இரண்டாமவரிடம் சேர்த்துவிடுங்கள். அவர் பெயர் பெறாதவராக இருந்தாலும் பரவாயில்லை.

பட வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். நடிகரைத் தேர்ந்தெடுக்கும் முடிவு இயக்குநர், தயாரிப்பாளர் தரப்பில் எடுக்கப்படுவது. பயிற்சியாளரால் ஒருவரைப் பரிந்துரைக்க முடியுமே தவிர, உறுதி கொடுக்க முடியாது. பயிற்சியோடு சேர்த்து, பெரும் தொகைக்குப் புகைப்படத் தொகுப்பு எடுத்தே தீர வேண்டுமென்று வற்புறுத்தினாலும் அதே முடிவுதான். இப்போது நடிகர் தேர்வுக்குப் பெரும்பாலும் ஒப்பனை குறைந்த சில படங்களும், கைபேசியில் எடுத்த அறிமுகக் காணொளியும், அவர்கள் அனுப்பும் காட்சியை நடித்துப் பதிவு செய்து அனுப்புவதுமே போதுமானவையாக இருக்கின்றன. தனி வகுப்பு நடக்கும் இடத்துக்கு நீங்களோ மகளின் தோழியோ உடன் செல்லலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இதற்கு முகம் சுளிப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சமரசமும் செய்துகொள்ளாதீர்கள்.

கட்டணத்தை மாதந்தோறும் ரசீதுடன் செலுத்துங்கள். மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இடையில் நிறுத்தும் உரிமை நடைமுறையில் உங்கள் கையில் இருக்காது. பயிற்சி தொடங்கும் நாளில் ஒரு நாடகப் பகுதியை மகள் நடிக்க, அதைக் கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்து அதே பகுதியை மீண்டும் பதிவு செய்து, அவருடைய நாடகக் குழுவில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். எந்தக் குறையைச் சொல்லிச் சேர்ந்தாரோ, அது குறைந்திருப்பதாக அவர் சொன்னால் தொடருங்கள். மாற்றம் தெரியவில்லை என்றால் அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு, வேறொருவரைப் பாருங்கள்.